பயன்படுத்துவோர் நோக்கில் கணிப்பொறி: இயங்குதளம், மென்பொருள், காப்பு

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறி பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பே. கணிப்பொறி அறிவியல் துறையினர் எழுத வேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுவானேன் என்றும் சிலர் வினவலாம். வீட்டைக் கட்டுவோர் கொத்தனாரும் தச்சருமே ஆயினும், அதில் குடியிருப்போர்க்கும் அவ்வீட்டைப் பற்றிக் கருத்து உண்டு. மழைக்கு ஒழுகும் இடம் எது, தாழ் சரியாக விழாத கதவு எது என்பன குடியிருப்போர்க்கே முதலில் தெரியவரும். அதுபோலக் கணிப்பொறியை நாளும் பயன்படுத்துவோர்க்கும் அதன் இயங்குதளம், மென்பொருள், காப்பு ஆகியன குறித்துச் சொல்லத்தக்க கருத்துகள் உள. அவற்றைத் திருப்பூர் வட்டாரச் சூழலிலும் தமிழ்மொழியின் சூழலிலும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பூரும் கணிப்பொறியும்

நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகளைக் கடந்தே ஒரு பின்னலாடை திருப்பூரிலிருந்து வெளியேறுகிறது. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணக்கு எழுகிறது. முன்னர் அக்கணக்கு பேரேட்டிலும் துண்டுச் சீட்டிலும் இருந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், வரிப்பதிவு பெற்ற சிறிய ஜாப் ஒர்க் நிறுவனமும் தன் கணக்கைக் கணிப்பொறி வழியாகவே அரசுக்குக் காட்ட வேண்டியதாயிற்று. எம்பிராய்டரி எந்திரத்தின் பூவேலை வடிவமும், வெட்டுக்குரிய அளவுப் படிவமும், வெளிநாட்டு வாங்குவோரின் ஆர்டரும் இன்று கோப்புகளாகவே வருகின்றன.

இவ்வலுவலகங்களில் பணிக்கு அமர்வோருள் நம் மாணவ மாணவியரும் உளர். இளங்கலைத் தமிழ் பயின்றவர், பட்டம் பெற்ற அடுத்த மாதமே ஒரு பனியன் கம்பெனியின் கணக்கு மேசையில் அமர்தல் இவ்வூரில் புதுமையன்று. அவர் கையில் ஒப்படைக்கப்படுவன வெறும் எண்கள் அல்ல. தொழிலாளரின் ஆதார் நகல், வங்கிக் கணக்கெண், வருங்கால வைப்பு நிதி எண், பெண் தொழிலாளரின் கைப்பேசி எண் ஆகியனவும் அப்பெட்டியினுள் உள்ளன. இவை பிறர் நம்பி ஒப்படைத்த அமானிதம். ஆகவே கணிப்பொறி பற்றிய தெளிவு, தொழில்நுட்ப ஆர்வலர்க்கு மட்டும் உரியது எனத் தள்ளிவிடத் தக்கதன்று.

இயங்குதளம் என்பது யாது?

விசைப்பலகை, திரை, நினைவகம், அச்சுப்பொறி முதலிய உறுப்புகளை ஒருங்கிணைத்து, நாம் இடும் பணியை அவற்றின்கண் செலுத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளமாகும். கடிதம் எழுதும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் இதன்மேல் நின்றே செயற்படுகின்றன. அடித்தளம் மாறின் மேலே நிற்பவையும் மாற வேண்டியிருத்தலால், இதனைத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாத முடிவாகின்றது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் தோன்றியது. 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியுடன் டாஸ் வந்தது. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்யாமலே கணிப்பொறியைக் கையாளும் வழியைப் பொதுமக்களிடம் பரப்பியது. இதற்கிடையில் 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை எழுதி யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார். இன்று பெரும்பாலோர் கையிலுள்ள ஆண்டிராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவது அந்த லினக்ஸ் கருவே.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு ஓயாது நடைபெறுகின்றது. பயன்படுத்துவோர் நோக்கில் மூன்று வினாக்களை எழுப்பினால் அவ்வழக்கு எளிதில் தெளிவுறும். முதலாவது, என் மொழி இதனுள் வாழ்கின்றதா? இரண்டாவது, இன்று நான் எழுதி வைப்பதைப் பத்தாண்டு கழித்தும் திறக்க இயலுமா? மூன்றாவது, இதனுள் திருடன் எளிதில் நுழைவானா? இம்மூன்றையும் முறையே காண்போம்.

மொழியும் எழுத்துருவும்

1990களில் கணிப்பொறியில் தமிழ் எழுதுவதற்கு உலகின் பல பகுதிகளிலும் தமிழர்கள் தனித்தனியே முயன்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார்; 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் தொகுப்பையும் தன்னார்வலர் துணையுடன் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அச்சகங்களில் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் முதலிய எழுத்துருக்கள் வழக்கில் வந்தன.

இவற்றுள் பெரும்பாலானவை தமிழ் எழுத்திற்கென ஓர் இடத்தைப் பெற்றிருக்கவில்லை. பிற குறியீடுகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தன. சான்றாக, பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கணிப்பொறியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள கணிப்பொறியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கிலக் கூட்டமாகத் தோன்றும். திரையில் தமிழைக் கண்டோமேயன்றிக் கணிப்பொறிக்குத் தமிழ் இன்னதென்று நாம் சொல்லவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியது. உயிரெழுத்துகளை இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைத்த 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அம்மாநாட்டின் பயனாக உருவாயின. மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடிய தன்னார்வலர்கள் திஸ்கி என்னும் வேறொரு முறையை வகுத்தனர். குழப்பம் குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை.

நீங்கச் செய்தது ஒருங்குறியே. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் இம்முறையின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. இதன்படி அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. எழுத்துரு மாறினும் எண் மாறாது. விண்டோஸ் 2000 முதல் அவ்வியங்குதளத்திலேயே தமிழ் ஒருங்குறி இடம்பெற்றது. லினக்ஸிலும் அதனைத் தொடர்ந்து வளர்ந்தது. 2010 ஜூனில் நம் அண்டை நகராகிய கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், ஒருங்குறியையும் 16 துணுக்கு அனைத்தெழுத்து முறையையும் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

ஒருங்குறியிலும் தமிழாசிரியர் அறிந்திருக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. அதன் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. நகரத்தை அடுத்தே றன்னகரமும், ரகரத்தை அடுத்தே வல்லின றகரமும் அதில் வைக்கப்பட்டுள்ளன. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருளில் சொல்லடைவு தயாரித்தால், இறுதியில் நிற்க வேண்டிய னகரம் பகரத்திற்கு முன்னே வந்து நிற்கும். தமிழ் அகர வரிசையை அறிந்த மென்பொருளில்தான் அது சரியாக அமையும். சொல்லடைவு தொகுக்கும் ஆய்வு மாணவர் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

திறக்க இயலாத கோப்புகள்

இரண்டாவது வினா தமிழ்த்துறைகளை நேரடியாகத் தொடுவது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் எம்.ஃபில். ஆய்வேடுகள் பல, கல்லூரியை அடுத்துள்ள கணிப்பொறி அச்சகங்களில் அவ்வச்சகத்தார் வைத்திருந்த எழுத்துருவில் உருவாயின. நூலகத்தில் இருப்பது கட்டமிட்ட ஒரு படி. மற்றது 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்தட்டில் இருந்தது. இன்று அத்தட்டைப் படிக்கும் கருவி அரிதாயிற்று. கருவி கிடைப்பினும் அக்கோப்பைத் திறக்கும் மென்பொருள் இல்லை. மென்பொருள் கிடைப்பினும் எழுத்துரு இல்லை. கறையான் அரித்த ஓலையில் எஞ்சிய பகுதியையேனும் படிக்கலாம். இங்கு ஒரு பூட்டுக்குள் மற்றொரு பூட்டாக மூன்று பூட்டுகள்.

இஃது இந்நூற்றாண்டில் மட்டும் நேர்ந்த துன்பமன்று. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தைத் தமிழொலிகளுக்கேற்ப விரித்துத் தமிழை எழுதிய அரபுத் தமிழ் மரபினை நாம் அறிவோம். தமிழகத்திலும் இலங்கையிலும் நூல்கள் பல அவ்வெழுத்தில் எழுந்தன. அவற்றின் மொழி தமிழே. ஆயினும் அவ்வெழுத்தைப் படிப்போர் அருகியதனால், பேரர்களுக்குத் தம் பாட்டனார் நூல் மூடிய நூலாயிற்று. மொழி உயிருடன் இருக்கும்போதே அதன் குறியீடு வழக்கிழந்தால் நூல் கைவிட்டுப் போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எனவே ஒரு மென்பொருளைத் தேர்வோர் அதன் அழகையும் வேகத்தையும் மட்டும் நோக்காது, அது கோப்பினை எம்முறையில் சேமிக்கின்றது என்பதையும் நோக்குதல் நன்று. ஒரே நிறுவனத்தின் மென்பொருளால் மட்டும் திறக்கத்தக்க கோப்பு, சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய பெட்டகத்தை ஒக்கும். ஒருங்குறியில் அமைந்த எளிய உரைக்கோப்பும், வரையறை வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பொதுமுறைக் கோப்பும் நெடுநாள் நிலைப்பன. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் உள்ளன. அச்சகத்தார் இருக்கும்போதே, தட்டு கெடும் முன்னரே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

மென்பொருளின் விலையும் உரிமையும்

இவ்வூர்ச் சிறு அலுவலகங்களில் 'மென்பொருளுக்குப் பணமா?' என்னும் கேள்வியைக் கேட்கலாம். கணிப்பொறி விற்றவரே விண்டோஸ் முதல் படம் திருத்தும் மென்பொருள் வரை அனைத்தையும் உரிமமின்றி ஏற்றித் தருவதை ஒரு சலுகையாகவே பலர் எண்ணுகின்றனர். தன் டிசைனைப் பக்கத்துக் கம்பெனிக்காரர் திருடிவிட்டால் கொதித்தெழும் உரிமையாளர், மற்றொருவர் உழைப்பில் விளைந்த மென்பொருளைத் திருட்டாகக் கருதாமை வியப்பே. அறத்தை ஒருபுறம் வைத்துப் பயனை நோக்கினும் இது நட்டமே. உரிமச் சோதனையைத் தவிர்க்க வேண்டி அதன் புதுப்பிப்பை நிறுத்திவிடுவர். அதனால் கண்டறியப்பட்ட ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். பூட்டை உடைக்கத் தரப்படும் சிறு நிரலினுள்ளேயே நச்சு மறைந்திருத்தலும் உண்டு.

இதற்குக் கட்டற்ற மென்பொருள் ஒரு நேரிய மாற்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து இவ்வியக்கம் வளர்ந்தது. இயக்கவும், அமைப்பை ஆராய்ந்து மாற்றவும், பிறர்க்குப் படியளிக்கவும், திருத்திய படியை வெளியிடவும் இதில் உரிமையுண்டு. விலையின்மையினும் இவ்வுரிமையே முதன்மையானது. தமிழ் இடைமுகம் வேண்டுமெனின் நிறுவனத்தின் தயவை எதிர்நோக்காது நாமே அமைத்துக்கொள்ள இயலும். தமிழா குழுவினரின் எ-கலப்பையும், லிபர் ஆஃபீஸ் முதலியவற்றின் தமிழாக்கமும் தன்னார்வலர் உழைப்பின் பயன்களே. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிக் கல்வியை நடத்திவருகின்றன.

ஆயினும் எல்லோரும் இன்றே லினக்ஸுக்கு மாறுக எனல் இவ்வூர் நிலைக்குப் பொருந்தாது. பெங்களூரில் தோன்றி நாடெங்கும் பரவிய டேலி கணக்கு மென்பொருளும், எம்பிராய்டரி வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் விண்டோஸை மனத்திற்கொண்டே எழுதப்பட்டவை. கணக்குப்பிள்ளையின் மேசையில் உரிமம் பெற்ற விண்டோஸும், கடிதமும் ஆய்வேடும் எழுதும் மேசையில் லினக்ஸும் இருத்தலே நடைமுறைக்கு ஒத்ததாகும். தேவைக்கேற்பத் தேர்வதே முறை. எதன்மீதும் பற்று வேண்டா.

காப்பு

திருக்குறளின் பொருட்பாலில் 74ஆம் அதிகாரம் நாடு, 75 அரண், 76 பொருள்செயல்வகை. நாட்டிற்கும் பொருளுக்கும் இடையே அரண் நிற்கும் இவ்வைப்பு முறை, கணிப்பொறிக்கும் பொருந்துகின்றது. இயங்குதளம் நாடாயின், அதிலுள்ள கோப்புகள் பொருளாயின், இடையே அரண் வேண்டும்.

1986இல் லாகூரில் தோன்றிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் நெகிழ்தட்டு வழியே பரவியது. 2000 மே மாதம் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதற்கடிதம் போன்ற தலைப்பிட்ட மின்னஞ்சலாக வந்து, ஆவலுடன் திறந்தோரின் கணிப்பொறிகளைக் கெடுத்தது. 2017 மே 12 அன்று வெடித்த 'வான்னாகிரை' இவற்றினும் கொடியது. ஒருவரும் எதையும் திறவாமலே வலையமைப்பு வழியாக நுழைந்து, கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினை மீட்புப்பணமாகக் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தடைப்பட்டன. இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் முன்னரே, மார்ச் 14 அன்று வெளியிட்டுவிட்டது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பல, அத்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணிப்பொறிகளே. மருந்து வந்தும் உண்ணாதவரே நோயுற்றனர் என்பது இதன் பொருள்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10 உடையோர் கூடுதல் காலத்திற்குத் தனியே பதிவு செய்துகொண்டாலன்றி அவர்க்குப் புதிய காப்புத் திருத்தங்கள் வாரா. எந்திரத்துடன் வந்த பழைய கணிப்பொறியை மாற்ற இயலாத எம்பிராய்டரி கூடங்கள், அதனை இணையத்தில் இணைக்காமல் தனியே இயக்குதலே பாதுகாப்பாகும்.

இன்னொரு தீங்கு நுட்பமற்றது. ஆயினும் ஏற்றுமதியாளரை மிகுதியும் வருத்துவது. வெளிநாட்டு வாங்குவோர்க்கும் இங்குள்ள நிறுவனத்திற்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தை ஒருவன் மறைந்திருந்து படிப்பான். பணம் அனுப்பும் வேளை நெருங்கியதும், முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவான். சரக்கு போய்ச் சேரும். பணம் வேறிடம் சேரும். அவ்வாரக் கூலி நிற்கும். இதனைத் தடுப்பது நச்சுநிரல் எதிர்ப்பி அன்று. மேசையில் அமர்ந்திருப்பவரின் எழுத்துக் கவனமே. லகர ளகர வேறுபாட்டை நோக்கிப் பழகிய தமிழ் மாணவர்க்கு இஃது அரிதன்று. கணக்கெண் மாற்றம் பற்றிய கடிதம் வந்தால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்தபின்னரே செயற்பட வேண்டும் என்னும் விதியை இரு தரப்பாரும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுதல் நன்று.

மாணவர் கைக்கொள்ளத்தக்கன

மேற்கண்டவற்றால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. நீண்ட கடவுச்சொல்லைத் தேர்க. ஓரிடத்துக் கடவுச்சொல்லை மற்றோரிடத்தில் வழங்கற்க. இயலுமிடங்களில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்துக.

2. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. கடவு எண் தேவையில்லை. அதனை இடச் சொல்பவன் நம்மிடமிருந்து பணம் எடுக்கவே முயல்கின்றான்.

3. நகலகத்தில் செருகி வந்த பென் டிரைவை நச்சுநிரற் சோதனையின்றித் திறவற்க.

4. இன்றியமையாக் கோப்புகளுக்கு மூன்று படிகள் வைத்திருக்க. அவை இருவகைச் சாதனங்களில் இருக்க. அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க. அலுவலகத்தில் தீப்பிடிப்பின் அங்குள்ள இரண்டும் ஒருசேர அழியும்.

5. பணம் பறிபோயின் நாணித் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவிக்க. விரைந்து அறிவித்தால் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

6. தொழிலாளரின் ஆதார் நகலையும் கைப்பேசி எண்ணையும் பொதுவில் கிடக்க விடற்க. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமையை வலியுறுத்துகின்றது.

முடிவுரை

இயங்குதளத்தின் உட்பொருளை வல்லுநர் அறிவர். அதனால் விளையும் பயனையும் இடரையும் பயன்படுத்துவோரே அறிவர். மொழிக்கு இடமளித்தல், எழுதியது நெடுநாள் நிலைத்தல், ஒப்படைத்த பொருள் காக்கப்படுதல் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால், விளம்பரத்தாலும் வழக்கத்தாலும் அன்றித் தம் அறிவால் தேர்ந்தெடுக்க எவர்க்கும் இயலும் என்பது இக்கட்டுரையால் தெளிவாகின்றது.

தமிழ்த்துறைகள் இதனைப் பேச்சளவில் நிறுத்தாது, செயலில் காட்டுதல் தகும். நூலகத்திலுள்ள பழைய எம்.ஃபில். ஆய்வேடுகளின் பட்டியலை எடுத்து, மென்படி எஞ்சியுள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றியும், எஞ்சாதவற்றை ஒளிவருடியும் காக்கலாம். ஒரு மாணவர் ஒரு பருவத்திற்கு ஓர் ஆய்வேட்டை ஏற்றுச் சரிபார்த்தால் சில ஆண்டுகளில் அப்பணி நிறைவேறும். மெய்ப்புத் திருத்தப் பயிற்சியும் அதனூடே கிட்டும். ஓலையிலிருந்து தாளுக்கு நூல்களைக் கொண்டு வந்து சேர்த்த பதிப்பாசிரியர்களை நாம் வகுப்பில் போற்றுகின்றோம். தாளிலிருந்தும் தட்டிலிருந்தும் அடுத்த இடத்திற்குக் கொண்டு செலுத்தும் கடன் இத்தலைமுறையைச் சார்ந்ததாகும்.